சோதனையில் சித்தியடைந்த கலப்படம்: பெங்கிரி எண்ணெயின் வரலாற்றில் ஒரு பக்கம்

சிட்ரனெல்லா என்று புத்தகங்கள் சொல்லும் எண்ணெய்க்குத் தெற்கிலே நாங்கள் வழங்கும் பெயர் பெங்கிரி. சிங்களத்திலிருந்து எமக்கு வந்த சொல். நுளம்புக்குக் காலில் பூசுவதும், தலையிடிக்கு நெற்றியில் தடவுவதும் அந்த எண்ணெயைத்தான்.

வாப்பாவின் வாப்பா (எங்கள் வழக்கில் அப்பா) இந்த எண்ணெயில் வியாபாரம் செய்தவர். மாத்தறைக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாலை வைத்திருந்தவர்களிடம் டின் கணக்கில் வாங்கிக் காலியிலிருந்த பெரிய வியாபாரிகளுக்குக் கொடுப்பார். நான் பிறக்குமுன்னரே அவர் மௌத்தாகிவிட்டார். ஐந்து நேரத் தொழுகையைத் தவறவிடாதவர், கடன் வாங்கினால் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பவர் என்று ஊரில் இன்றும் அவருக்கு நல்ல பெயர். வாப்பா முதுமையில் ஒருநாள், நான் கேளாமலே, இப்படிச் சொன்னார்:

"வாப்பா அதுல லாம்பெண்ணெ ஊத்தினதான் மகன். அந்தக் காலத்துல எல்லாரும் ஊத்தின. ஆனா டெஸ்ட் பாஸாகிற அளவுக்கு மேல ஒரு சொட்டும் ஊத்தல்ல."

மண்ணெண்ணெய் கலந்தது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அதைவிட என்னை உறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம். வாப்பா அதைத் தன் வாப்பாவின் நேர்மைக்குச் சான்றாகவே சொன்னார். அந்த ‘டெஸ்ட்’ எது, அதை யார் கொண்டுவந்தார்கள் என்று தேடப் புறப்பட்டேன். தமிழ் படித்தவனுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். தேடிக் கண்டது இரசாயனத்தை மட்டும் சார்ந்ததன்று. அதனாலேயே இங்கு எழுதுகிறேன்.

*

பெங்கிரிப் புல்லில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று லேனபட்டு. வரட்சியையும் மெலிந்த மண்ணையும் தாங்கி வளரும். இலங்கைக் கிராமத்தவர் பெரும்பாலும் நட்டது இதனையே. மற்றையது மஹ பெங்கிரி. நல்ல மண்ணும் கூடுதல் கவனிப்பும் கேட்கும். ஆனால் எண்ணெய் கூடுதலாகவும் உயர் தரமாகவும் கிடைக்கும். காலிப் பகுதியில் எண்ணெய் வடித்த வின்டர் என்பவரின் பெயரையே இந்த இரண்டாவது இனத்தின் தாவரவியற் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது.

புல்லை அறுத்து, வாட்டி, பெரிய இரும்பு வாலையில் அடைத்துக் கீழிருந்து கொதிநீராவியைச் செலுத்துவார்கள். ஆவி புல்லின் வாசனையைச் சுமந்துகொண்டு குளிர்ந்த குழாய் வழியே இறங்கும். நீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். 20ஆம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட பெங்கிரி எண்ணெய் கப்பலேறியது. அதில் பெரும்பங்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மலிவான சவர்க்காரங்களுக்கு மணமூட்டப் பயன்பட்டது.

அறுப்பவர், வடிப்பவர், ஊருக்கு ஊர் வாங்கித் திரியும் சிறு வியாபாரி, காலியிலும் கொழும்பிலும் இருந்த ஏற்றுமதியாளர், லண்டன் தரகர், சவர்க்காரத் தொழிற்சாலை என ஒரு டின் எண்ணெய் ஐந்தாறு கை மாறிப் போனது. ஒவ்வொரு கையிலும் அதனுள் எதையாவது சேர்க்க வாய்ப்பு இருந்தது. வாங்குபவர் கடைசிக் கையை மட்டுமே கண்டார்.

தொடக்கத்தில் கலந்தது தேங்காயெண்ணெய். கைக்கு எட்டிய பொருள். நிறமும் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் அதைப் பிடிப்பது சுலபம். ஒரு துளியைக் கடதாசியில் விட்டு வைத்தால் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். தேங்காயெண்ணெய் ஆவியாகாது, கடதாசியில் எண்ணெய்க்கறையாகத் தங்கிவிடும். தராசும் படிக்கல்லும் தவிர வேறு கருவி அறியாத சிறு வியாபாரியும் செய்யக்கூடிய சோதனை இது.

பிறகு மண்ணெண்ணெய் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. விலை குறைவு. காலப்போக்கில் தானும் ஆவியாகும். தேங்காயெண்ணெயைப் போல் காட்டிக்கொடுக்கும் கறையை விடாது. பெங்கிரியின் காரமான வாசம் அதன் வாசத்தை மூடிவிடும். கடதாசிச் சோதனை அத்துடன் செல்லாக் காசாயிற்று.

*

அப்போதுதான் ஜேர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து ஒரு புதிய சோதனை வந்தது. வாசனை எண்ணெய் வியாபாரத்தில் உலகப் பெயர் பெற்ற ஷிம்மல் கம்பனி அங்கேதான் இருந்தது. தன் இரசாயனவியலாளர்களைக் கொண்டு அரையாண்டுக்கொரு முறை அறிக்கை வெளியிடும் வழக்கம் அதற்கு உண்டு. இலங்கை எண்ணெயின் கலப்படம் பற்றிய முறைப்பாடு அவ்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கம்பனி வகுத்த முறையே ‘ஷிம்மல் டெஸ்ட்’. எங்கள் வாப்பாவின் வாயில் வெறும் ‘டெஸ்ட்’ ஆகத் தேய்ந்து வந்ததும் அதுவே.

முறை மிக எளியது. ஒரு பங்கு எண்ணெயை எடுத்து, நூற்றுக்கு 80 பங்கு செறிவுள்ள மதுசாரத்தில் பத்துப் பங்கு சேர்த்து, 20 பாகை செல்சியஸில் குலுக்க வேண்டும். எண்ணெய் முழுவதும் கரைந்து தெளிவாக நின்றால், அல்லது மிக இலேசான மங்கல் மாத்திரம் காட்டினால், சித்தி. பால்போல் கலங்கிப் பின்னர் எண்ணெய்த் துளிகள் பிரிந்தால் சித்தியில்லை.

இதன் சூட்சுமம் மதுசாரத்தில் மீதமுள்ள 20 பங்கு நீரில் இருக்கிறது. பெங்கிரியின் மணத்துக்குக் காரணமான ஜெரானியோல், சிட்ரனெல்லால் முதலியவை அந்த அளவு நீரைப் பொறுத்துக்கொண்டு கரையும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பொறுக்கமாட்டா, பிரிந்து வந்துவிடும். வந்த பின்னும் தங்கள் குலத்தைச் சொல்லும்: இலகுவான மண்ணெண்ணெய் மேலே மிதக்கும், கனமான தேங்காயெண்ணெய் அடியில் படியும்.

ஒரு சோதனைக்குழாய், கொஞ்சம் மதுசாரம், ஒரு வெப்பமானி. இவ்வளவும் கையிலிருந்தால் உலகின் எந்தத் துறைமுகத்திலும் சோதிக்கலாம். வியாபாரம் இதனை உடனே ஏற்றுக்கொண்டது. ‘ஷிம்மல் டெஸ்டில் தேறும்’ என்ற உத்தரவாதத்துடனேயே இலங்கை எண்ணெய் விற்கப்பட்டது.

கலப்படம் ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு.

கலப்பற்ற நல்ல பெங்கிரி எண்ணெய் இந்தச் சோதனையில் மட்டுமட்டாகத் தேறுவதில்லை, தாராளமாகத் தேறும். ஓரளவு மண்ணெண்ணெய் சேர்த்த பின்னும் அது தெளிவாகவே கரையும். ஆகவே சோதனை, தூய்மையான எண்ணெயையும் தூய்மையற்ற எண்ணெயையும் பிரிக்கவில்லை. அதிகம் கலந்ததையும் அளவாகக் கலந்ததையும் பிரித்தது. சந்தையோ தேறிய எண்ணெய் அனைத்துக்கும் ஒரே விலை கொடுத்தது. கலக்காமல் விற்பவர், அந்த இடைவெளி முழுவதையும் தன் கைநட்டமாக ஏற்க வேண்டியதாயிற்று.

இதைப் புரிந்துகொள்ள எந்தக் கிராமத்து வியாபாரிக்கும் ஜேர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு டின்னுக்கு எவ்வளவு ஊற்றினால் குழாய் கலங்கும் என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டால் போதும். கலப்படத்தைத் தடுக்கப் போட்ட கோடு, கலப்படக்காரருக்கு அளவுக்கோடாக ஆகிவிட்டது. ‘அளவுக்கு மேல ஒரு சொட்டும் ஊத்தல்ல’ என்று வாப்பா சொன்னதன் முழுப் பொருளும் இங்கேதான் எனக்கு விளங்கியது. அந்த அளவை நிர்ணயித்தவர் அப்பா அல்லர்; லைப்சிக்கில் இருந்த சோதனைக்குழாய்.

*

சோதிப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. ‘உயர்த்தப்பட்ட ஷிம்மல் டெஸ்ட்’ என்று ஒன்று வந்தது. சோதிப்பவர் தாமே எண்ணெயில் நூற்றுக்கு 5 பங்கு பெற்றோலிய எண்ணெய் சேர்த்து, அதன் பிறகும் அது தேறுகிறதா என்று பார்ப்பார். வியாபாரி ஏற்கனவே கோடு வரை நிரப்பியிருந்தால், இந்த 5 பங்கு அதைக் கவிழ்த்துவிடும். கள்வனைப் பிடிக்கக் கள்வனின் கையாலேயே அளந்து பார்ப்பது போன்றது இது.

இலங்கை அரசாங்கத்தில் இரசாயனவியலாளராக இருந்த கெல்வே பாம்பர் இன்னொரு வழி கண்டார். சுத்தமான தேங்காயெண்ணெயையும் மதுசாரத்தையும் பெங்கிரி எண்ணெயுடன் சேர்த்துக் குலுக்கினால், பெங்கிரி மதுசாரத்தில் போய்விடும். ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் தேங்காயெண்ணெயுடன் சேரும். பிரித்தெடுத்த தேங்காயெண்ணெய் கனவளவில் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவுக்குக் கலப்படம். ஒரு காலத்தில் கலப்படப் பொருளாகப் பிடிபட்ட தேங்காயெண்ணெயே இப்போது சாட்சிக்கூண்டில் ஏறியது.

எண்ணெயில் பயனுள்ள பொருள் எவ்வளவு என்று நேரடியாக அளக்கும் முறையும் பரவிற்று. அசற்றிக் நீரிலியுடன் எண்ணெயைக் காய்ச்சி ‘மொத்த ஜெரானியோல்’ எத்தனை வீதம் என்று கணக்கிட்டார்கள். இந்த அளவீடு கலப்படத்தோடு சேர்த்து இன்னோர் உண்மையையும் அம்பலப்படுத்தியது. எமது லேனபட்டு எண்ணெயில் மொத்த ஜெரானியோல் 60 வீதத்தை அண்டியிருக்க, ஜாவாத் தீவிலிருந்து வந்த எண்ணெயில் அது 85 வீதத்தையும் தாண்டியிருந்தது.

ஜாவாவில் வளர்ந்த புல் எது? எமது மஹ பெங்கிரிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்து அங்கு போனது. இங்கே ஒதுக்கப்பட்ட இனம் அங்கே தோட்டப்பயிராகி, சில பத்தாண்டுகளில் ‘ஜாவா வகை’ என்று பெயரும் மாறிவிட்டது. சிறந்த வாசனைப் பொருட்களைப் பிரித்தெடுக்க விரும்பிய தொழிற்சாலைகள் ஜாவா எண்ணெயையே தேடின. ‘சிலோன் வகை’ மலிவுச் சவர்க்காரத்துக்கும் பூச்சி விரட்டிக்கும் உரிய இரண்டாந்தரச் சரக்காயிற்று. இன்றும் சர்வதேசத் தர நியமங்களில் ஜாவா வகைக்கு 3848, சிலோன் வகைக்கு 3849 என்று இரண்டு இலக்கங்கள் உள்ளன. இரண்டு புல்லும் ஒரே தீவிலிருந்து புறப்பட்டவை என்பது அந்த இலக்கங்களில் தெரியாது.

கலப்படம் ஒன்றினாலேயே நாம் சந்தையை இழந்தோம் என்று சொன்னால் அது நியாயமாகாது. லேனபட்டு இயல்பிலேயே வேறு புல். அதைத் தெரிந்தெடுக்க ஏழை விவசாயிக்கு நியாயமான காரணமும் இருந்தது. ஆயினும் தரம் குறைந்த எண்ணெயை நல்ல பெயருடன் விற்கலாம். நம்பிக்கை குறைந்த எண்ணெயை அப்படி விற்க முடியாது. உயர்தர எண்ணெய் வடிக்க விரும்பிய ஒருவர் இங்கே இருந்திருந்தாலும், அவருடைய டின்னையும் ‘சிலோன்’ என்ற பெயரே முந்திக்கொண்டு போய் விலையைக் குறைத்திருக்கும்.

*

இவ்வளவையும் படித்தபோது, இது எங்கோ ஏற்கனவே கேட்ட கதையாக எனக்குப் பட்டது. பிறகு நினைவுக்கு வந்தவை ஹிஸ்பா நூல்கள்.

இஸ்லாமிய நகரங்களில் சந்தையைக் கண்காணித்தவர் முஹ்தஸிப். அவருடைய கைநூல்களில் புகழ்பெற்ற ஒன்று, ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில், ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில், ஷாம் தேசத்தைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா’. நாற்பது அத்தியாயங்கள். ரொட்டி சுடுபவர் முதல் மருந்து விற்பவர் வரை ஒவ்வொரு தொழிலிலும் நடக்கும் மோசடிகளையும் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளையும் அது சொல்கிறது. அத்தர் வியாபாரிகளுக்கும் இடமுண்டு: கஸ்தூரி, அம்பர், குங்குமப்பூ என்று விலை உயர்ந்த எதுவும் கலப்படத்துக்குத் தப்பவில்லை.

சோதனைகளும் அக்காலத்தில் இருந்தன. மிஸ்ரில் மதரிய்யாத் தோட்டத்தில் எடுக்கப்பட்ட பலசான் எண்ணெய் மிகுந்த விலை பெற்றது. கலப்பற்ற பலசானைக் கம்பளித் துணியில் விட்டுக் கழுவினால் கறை நிற்காது, பாலில் விட்டால் பால் திரையும் என்று கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். அவருடைய நூல் பக்தாதில் ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் அரபுக்குப் பெயர்க்கப்பட்டு, முஸ்லிம் மருத்துவர் கைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிற்று. எங்கள் ஊர்க் கடதாசிச் சோதனைக்கும் அந்தக் கம்பளிச் சோதனைக்கும் உறவு தூரமில்லை.

என்னை நிறுத்தியது அஷ்ஷைஸரீ சொல்லும் வேறொரு செய்தி. பலருக்கும் தெரிந்த மோசடிகளை மட்டுமே தாம் எழுதியதாகவும், அறியப்படாதவற்றை எழுதாது விட்டதாகவும் அவர் கூறுகிறார். மார்க்கப் பற்றில்லாதவர் அவற்றைக் கற்றுக்கொண்டு மக்களை ஏமாற்றக்கூடும் என்ற அச்சம். அதோடு நிற்கவில்லை. ‘கீமியாஉல் இத்ர்’ என்னும் நூலில் அந்த இரகசியங்கள் இருப்பதாகச் சொல்லி, அது யார் கையிலாவது கிடைத்தால் அல்லாஹ்வுக்காக அதைக் கிழித்து எரித்துவிடுபவருக்கு ரஹ்மத்தும் வேண்டுகிறார்.

அந்தப் பெயரோடு எமக்குக் கிடைத்திருக்கும் நூல், பக்தாதின் பேரறிஞர் அல்-கிந்தீயின் பெயரால் வழங்குகிறது. நறுமணப் பொருட்கள் செய்யவும் வடிக்கவும் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் அதில் உள்ளன. விலை உயர்ந்தவற்றைப் போலச் செய்யும் முறைகளும் உண்டு. இரசாயன வரலாற்றில் அதற்குப் பெருமதிப்பு. கார்ல் கார்பர்ஸ் என்ற அறிஞர் அதைப் பதிப்பித்து ஜேர்மன் மொழிபெயர்ப்புடன் 1948இல் வெளியிட்டார். வெளியான ஊர் லைப்சிக். ஷிம்மல் டெஸ்ட் பிறந்த அதே ஊர்!

நூலை எரிக்கச் சொன்னதில் அஷ்ஷைஸரீயுடன் நான் உடன்படமாட்டேன். அறிவை எரித்துக் கலப்படத்தை ஒழிக்க முடியாது. ஆனால் அவருடைய அச்சம் எவ்வளவு உண்மையானது என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பெங்கிரி எண்ணெய் நிரூபித்தது. சோதனையை அறிவிக்கும்போது, தேர்வதற்கான வழியையும் சேர்த்தே அறிவிக்கிறோம்.

அதனால்தான் ஹிஸ்பா முறை சோதனையை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலை நன்கறிந்த, நம்பத்தக்க ஒருவரை ‘அரீஃப்’ என்று முஹ்தஸிப் நியமித்துக்கொள்ள வேண்டும் என்று அந்நூல் சொல்கிறது. சரக்கு கடைசிக் கைக்குப் போகும்வரை காத்திராமல், உருவாகும் இடத்திலேயே அதை அறிந்த கண் ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பெங்கிரி வியாபாரத்தில் இல்லாமற் போனது இதுவே. வாலையடியில் யாரும் நிற்கவில்லை. துறைமுகத்தில்தான் குழாயைக் குலுக்கினார்கள்.

*

இன்று காஸ் குரோமடோகிராபி என்று சொல்லப்படும் கருவி ஒரு துளி எண்ணெயிலுள்ள கூறுகளைத் தனித்தனியே பிரித்து வரைபடமாகக் காட்டிவிடும். 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் அதன் அடிப்படையை வெளியிட்டார்கள். மண்ணெண்ணெய் அதன் முன் ஒரு நிமிடமும் ஒளிந்திருக்காது. ஆயினும் தொழிற்சாலையில் செய்த ஜெரானியோலைக் கொண்டு வரைபடத்துக்கு ஏற்ப எண்ணெயைச் சரிசெய்பவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களைப் பிடிக்க அதைவிட நுண்ணிய முறைகளும் வந்துவிட்டன. ஓட்டம் நிற்கவில்லை, ஓடும் வேகந்தான் கூடியிருக்கிறது.

சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஷிம்மல் டெஸ்ட் இல்லாதிருந்தால் டின்னில் பாதி மண்ணெண்ணெயாக இருந்திருக்கும். பரீட்சைத் தாள் திருத்தும் எனக்கு இது நன்றாகத் தெரியும். 35 புள்ளி எடுத்தால் சித்தி என்றவுடன், அந்த 35ஐ மட்டும் எண்ணிப் படிக்கும் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அதற்காகப் பரீட்சையை நிறுத்துவோமா? ஆனால் 35 எடுத்த பிள்ளைக்குப் பாடம் தெரியும் என்று சொல்லவும் எனக்கு நா எழாது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் கண்ட சம்பவம் எமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை ஏன் மேலே வைக்கவில்லை என்பதே நபியவர்களின் கேள்வியாக இருந்தது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிய வை என்றார்கள். மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயை அப்படிச் சொல்லி, அதற்குரிய விலைக்கு அப்பா விற்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. சோதனைக்குழாய் கேட்ட கேள்வி ‘தேறுமா?’ என்பது மட்டுமே. ஹதீஸ் கேட்கும் கேள்வி ‘சொன்னாயா?’ என்பது.

அப்பாவைப் பற்றி எழுதலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எழுது மகன், பேர் போடாம எழுது" என்றார். இன்னொன்றையும் சொன்னார். வீட்டுப் பாவனைக்கென்று அப்பா எப்போதும் ஒரு போத்தல் எண்ணெயை வேறாக வைத்திருப்பாராம். பிள்ளைகளுக்குத் தடவ, விருந்தாளி வந்தால் ஒரு சிறு குப்பியில் கொடுக்க. வாலையிலிருந்து வந்தபடியே வைத்த எண்ணெய். அதில் எதுவும் கலக்கமாட்டாராம்.

அந்தப் போத்தலை எவரும் சோதித்ததில்லை.